எம்.ஜி. மகிழுந்தும் மலாக்காவின் பால்மரக் காடும்

தோற்றுவாய்

விலைமிக்க பொருள் எதனையும் வாங்குமுன் ஆய்ந்து பார்த்தல் அறிவுடையோர் மரபு. வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஒரு செயலில் இறங்குமுன் அதனால் இழக்கப்படுவது யாது, அடையப்படுவது யாது, பின்னாளில் அதன்வழி விளையும் பயன் யாது என்னும் மூன்றையும் சீர்தூக்க வேண்டும் என்பது அவர்தம் அறிவுரை. வீடு, மனை வாங்குவோருக்குப் பொருந்தும் இவ்வறிவுரை, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க விழைவோருக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்துவதாகும்.

மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புற லயன்களில் பிறந்து வளர்ந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் பொறியியலாளராகவும் வணிகராகவும் நகரங்களில் வாழ்கின்றனர். அவர்களுள் பழைய ஆங்கிலேய மகிழுந்துகளின்பால் நாட்டம் கொண்டோரும் உளர். அந்நாட்டத்தை வீண் பகட்டு என ஒதுக்குவாரும் உண்டு. உழைத்துப் பொருளீட்டியவன் விரும்பியதை வாங்குவதில் தவறென்ன என வாதிடுவாரும் உண்டு. பால்மரம் வெட்டியவரின் பேரன் ஒருவன், ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஓட்டிய வகையைச் சேர்ந்த எம்.ஜி. மகிழுந்து ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா? இவ்வினாவிற்குப் பணப்பை மட்டும் விடை கூறிவிட முடியாது. வரலாற்றையும் உடன் வைத்தே விடை காண வேண்டும்.

மரமும் சக்கரமும்

மகிழுந்தின் வரலாறும் மலாக்காவின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. 1876ஆம் ஆண்டு என்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டே 22 நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதன் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். எனினும் காப்பியிலும் மரவள்ளியிலும் மனம் ஊன்றியிருந்த தோட்ட முதலாளிகள் அவர் சொல்லுக்குச் செவி சாய்க்கவில்லை. அச்சொல்லை ஏற்று முதன்முதலில் வணிக நோக்கில் ரப்பரைப் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் ஆவார். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் நட்ட கன்றுகளே மலாயாவின் ரப்பர்த் தொழிலுக்குக் கால்கோள் விழா நடத்தின எனலாம். அவை தழைத்தது கண்டு, அடுத்துப் புக்கிட் அசகானில் 3,000 ஏக்கர் அளவில் பயிர்செய்ய அவர் துணிந்தார்.

இதே கால எல்லைக்குள் மேலைநாட்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தேறின. 1886இல் செருமனியின் கார்ல் பென்சு தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை உருவாக்கிக் காட்டினார். வண்டி அங்கே பிறந்தது. அதன் சக்கரத்திற்கு வேண்டிய பால் இங்கே சுரக்கத் தொடங்கியது. 1908இல் போர்டு நிறுவனத்தின் 'டி' வகை மகிழுந்து வெளிவந்து, கார் என்பது செல்வர் சிலரின் விளையாட்டுப் பொருள் என்னும் நிலை மாறலாயிற்று. 1910இல் ரப்பர் விலை வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. இலண்டன் மூலதனம் மலாயாவின் காடுகளை நோக்கிப் பாய்ந்தது.

காடுகள் தோட்டங்களாக மாற ஆள் தேவைப்பட்டது. கங்காணி முறையில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். 1938இல் இந்திய அரசாங்கம் அவ்வகை ஆள்திரட்டலுக்குத் தடை விதிக்கும் வரை அவ்வரவு தொடர்ந்தது. மலாக்கா மாநிலத்தின் அசகான், சாசின், மெர்லிமாவ், அலோர் காசா முதலிய வட்டாரங்களில் தோட்டந்தோறும் லயன்கள் எழுந்தன, கோயில் எழுந்தது, பின்னர்ப் பள்ளிக்கூடமும் எழுந்தது.

தோட்டத்தில் பால் எடுத்தவரைப் போலவே சாலையில் கல் உடைத்தவரும் பெரும்பாலும் தமிழரே. பொதுப்பணி இலாகாவிலும் ரயில்வேயிலும் கூலிகளாகச் சேர்ந்து, வெயிலில் தாரும் கல்லும் சுமந்து மலாயாவின் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் சமைத்ததில் அவர்தம் பங்கு மிகப் பெரிது. தம்பினையும் மலாக்காவையும் இணைத்து 1905இல் அமைந்த கிளை இருப்புப் பாதை, சப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டது. சயாம் மரண ரயில் பாதைக்குத் தண்டவாளம் மட்டும் அன்று, ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழரும் கொண்டுசெல்லப்பட்டனர். சென்றோருள் மீளாதோர் பலர். இருப்புப் பாதையை இழந்த மலாக்காவிற்குப் போருக்குப் பின்னர்ச் சாலையே போக்குவரத்தின் உயிர்நாடி ஆயிற்று.

அபிங்டன் பட்டறை

இனி, எம்.ஜி. என்னும் மகிழுந்தின் கதையைக் காண்போம். இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரில் வில்லியம் மோரிசு என்பார்க்கு உரிமையான 'மோரிசு கராஜசு' என்ற நிறுவனத்தின் தலைப்பெழுத்துகளே எம்.ஜி. என்றாயின. அந்நிறுவனத்தின் மேலாளராகப் பணியாற்றிய செசில் கிம்பர், மோரிசு நிறுவனத்தின் எளிய வண்டிகளையே அடிப்படையாகக் கொண்டு, அவற்றிற்கு அழகிய உடலும் கூடுதல் விரைவும் தந்து 1920களில் விற்கலானார். 1929இல் அத்தொழில் அபிங்டன் என்னும் சிற்றூருக்கு இடம் பெயர்ந்தது. பெருஞ்செல்வர்க்கே உரியதாக இருந்த ஸ்போர்ட்ஸ் காரை நடுத்தர வருவாயினரும் எட்டிப் பிடிக்கும் விலையில் தந்தமையே கிம்பரின் அருஞ்செயல்.

அவர் வாழ்வின் முடிவு இரங்கத்தக்கது. 1941இல் அவர் அந்நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 1945 பிப்ரவரி 4ஆம் நாள் இலண்டன் கிங்சு கிராசு நிலையத்தில் நேர்ந்த ரயில் விபத்தில் உயிர் துறந்தார். உலகெங்கும் எம்.ஜி.யின் பெயரை நாட்டிய 'டி.சி.' வகை வண்டி அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் வெளிவந்தது. அதனைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

டி.சி. வகை 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் செய்யப்பட்டது. இரும்புச் சட்டத்தின்மீது ஆஷ் மரத்தால் கூடு கட்டி, அக்கூட்டின்மேல் தகடு போர்த்திய உடல் அதற்கு. 1,250 கன செண்டிமீட்டர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் இயந்திரம் 54 குதிரைத் திறன் தந்தது. 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள் நான்கும் மெலிந்து உயர்ந்து நின்றன. டி.சி. வண்டிகள் அனைத்தும் வலப்பக்க ஸ்டியரிங் கொண்டவையே. அடுத்து வந்த 'டி.டி.' வகை 1953 வரை ஏறத்தாழ 29,600 செய்யப்பட்டது. அதன் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராது தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பின. ஸ்டியரிங்கும் திருத்தமானது. அதன்பின் 'டி.எப்.' வகையும், 1955இல் 'எம்.ஜி.ஏ.'யும், 1962இல் 'எம்.ஜி.பி.'யும் தோன்றின. எம்.ஜி.பி. மட்டுமே ஐந்து இலட்சத்திற்கு மேல் விற்பனையாயிற்று. 1980 அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. எம்.ஜி. என்ற பெயர் கைமாறிக் கைமாறி, 2007 முதல் சீன நாட்டு நிறுவனம் ஒன்றின் உடைமையாக உள்ளது. இன்று அப்பெயர் தாங்கிவரும் மின்சாரக் கார்களுக்கும் பழைய அபிங்டன் வண்டிகளுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு அரிது.

இரண்டுக்கும் ஒரே சந்தை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. அதற்கு அமெரிக்க டாலர் இன்றியமையாததாயிற்று. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே இரும்பு ஒதுக்கீடு என அந்நாட்டு அரசாங்கம் விதித்தது. எனவே எம்.ஜி. வண்டிகள் கடல் கடந்தன. டி.சி. வண்டிகளுள் ஏறத்தாழ 2,000 அமெரிக்காவில் விற்பனையாயின. டி.டி. வண்டிகளுள் பெரும்பகுதி அங்கேயே சென்றது.

அதே ஆண்டுகளில் பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்த மற்றொரு பொருள் மலாயாவின் ரப்பர். பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட குடியேற்ற நாடுகளுள் மிகுதியான டாலரை ஈட்டித் தந்தது மலாயாவே. 1950இல் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலை மளமளவென உயர்ந்தது. அபிங்டனில் டி.டி. வண்டிகள் உருவாகிக் கொண்டிருந்த அதே காலம் அது. அமெரிக்க வணிகன் ஒரு கையால் எம்.ஜி. வாங்கினான், மறு கையால் மலாயாவின் ரப்பரை வாங்கினான். இரண்டுக்கும் அவன் தந்த டாலர் இலண்டனையே சென்றடைந்தது.

ஆயினும் இரண்டுக்கும் பின்னிருந்த வாழ்வில் வேறுபாடு மலையளவு. அபிங்டன் தொழிலாளி தன் கையால் பூட்டிய வண்டியின் பெயரை உலகறிந்தது. புக்கிட் லிந்தாங்கில் விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரையில் இறங்கிப் பட்டை சீவி, மங்கில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்துக் காண்டாவில் சுமந்து வந்த தமிழ்ப் பெண்ணின் உழைப்பு, புகைக் கொட்டகையை விட்டு வெளியேறியதும் பெயரற்ற சரக்காயிற்று. எந்த வண்டியின் சக்கரத்தில் எந்தத் தோட்டத்துப் பால் கலந்தது என்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. அடையாளம் இன்றிக் கரைந்து போவதே அவ்வுழைப்பின் இயல்பாக இருந்தது.

துரையின் வண்டியும் தொழிலாளியின் நடையும்

தோட்டம் என்பது படிநிலைகளால் ஆன உலகம். பெரிய துரை, சின்னத் துரை, கிராணி, தண்டல், தொழிலாளி என இறங்கிய அப்படிநிலையில் ஒவ்வொருவர் ஏறும் வண்டியும் அவர்தம் தகுதியைக் காட்டி நின்றது. துரைக்குக் கார், கீழுள்ளோருக்கு மிதிவண்டி, தொழிலாளிக்குக் கால்நடை அல்லது தோட்டத்து லாரி. பங்களாவின் காரைக் கழுவியவரும், துரைக்காக அதனை ஓட்டியவரும், செம்மண் சாலையில் அது புதைந்தபோது தள்ளியவரும் தமிழராகவே இருந்தனர்.

1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பின்னர்த் துரைமாரின் வண்டிகளும் உருமாறின. கூரையற்ற ஸ்போர்ட்ஸ் காரில் தோட்டச் சாலையில் செல்வது உயிரோடு விளையாடுவதாயிற்று. இரும்புத் தகடு போர்த்திய கார்கள் தோட்டங்களில் வலம் வந்தன. 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரேசர் மலைச் சாலையில் தமது ரோல்சு ராய்சு காரில் சென்ற பிரிட்டிசு உயர் ஆணையர் சர் என்றி கர்னி கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் உச்சத்தில் இருந்தவரின் உயர்ந்த காரும் அவரைக் காக்கவில்லை. தோட்டத் தொழிலாளரோ இரு தரப்பாரின் ஐயத்திற்கும் இடையே, முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு வாழ்ந்தனர்.

விடுதலைக்குப் பின்னரும் நடை நிற்கவில்லை. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர், தம் குறைகளை முறையிடக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டனர். டான் சே யான் ரப்பர் பயிரிட்ட அதே மண்ணில் உழைத்தவர்கள், சக்கரங்களுக்குப் பாலூட்டியவர்கள், தம் நியாயத்தைக் கேட்க நடந்தே செல்ல நேர்ந்தது வரலாற்றின் கொடிய முரண்.

கைமாறிய காலம்

ஸ்போர்ட்ஸ் கார் என்றென்றும் வெள்ளையரின் தனியுடைமையாக இருந்ததில்லை. 1961இல் சிங்கப்பூர்த் தாம்சன் சாலையில் தொடங்கிய பெரும் பந்தயத்தின் முதலாம் ஆண்டு வெற்றி ஆங்கிலேயர் ஒருவருக்குக் கிட்டியது. மறு ஆண்டே அங்கு யோங் நாம் கீ என்னும் உள்ளூர்ச் சீனர் சாகுவார் 'இ' வகை மகிழுந்தில் வாகை சூடினார். 1968இல் சிலாங்கூரின் பத்து தீகாவில் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. 1970களில் சோனி ராஜா என்னும் மலேசியர் பந்தய வண்டியோட்டுவதில் நாடறிந்த பெயரானார். மகாவ் பந்தயக் களத்திலும் அவர் வண்டி ஓடியது. துரைமார் நாடு திரும்பியபோது அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் உள்ளூரார் கைக்கு வந்தன. சில பேணப்பட்டன, பல கொட்டகைகளில் துருவேறின.

அதே காலத்தில் வேறொரு பொருளும் கைமாறிக் கொண்டிருந்தது. ஆங்கிலேயக் குழுமங்கள் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்து தெருவில் நின்றனர். அந்நெருக்கடியில், 1960இல் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரராகி, தான் உழைத்த தோட்டத்தைத் தானே வாங்கலாம் என்னும் எண்ணத்தை அவர் விதைத்தார். அன்றைய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி எளிய தொகை அன்று. வாங்கலாமா, வேண்டாமா என அவன் தன் மனைவியோடு லயன் வாசலில் அமர்ந்து எண்ணிப் பார்த்திருப்பான். அம்முடிவு வயிற்றையும் வாழிடத்தையும் பற்றியது. இன்று அவன் பேரன் எண்ணும் முடிவு விருப்பத்தைப் பற்றியது. இவ்வேறுபாட்டை மனத்திருத்திக் கொள்ளுதல், இன்றைய வாங்குவோனுக்கு அடக்கத்தைத் தரும்.

இழப்பது யாது

இனி, வள்ளுவர் காட்டிய மூன்று தட்டுகளில் எம்.ஜி.யை நிறுத்துப் பார்ப்போம். முதலாவது இழப்பு. பழைய வண்டியின் விலை அதன் செலவின் தொடக்கமே ஆகும். டி.சி., டி.டி. வண்டிகளின் மரக்கூடு இங்கிலாந்தின் குளிருக்கென அமைந்தது. மலாக்காக் கடற்காற்றின் ஈரமும் உப்பும் நம் நாட்டுக் கரையானும் அதற்குப் பகை. மேலே வண்ணம் பளபளக்கும். கதவைத் திறந்து மூடும்போது அது தொங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது எனக் கொள்ளலாம். எம்.ஜி.பி. வகையில் மரம் இல்லை. ஆனால் கதவுக்கடியில் உள்ள தகட்டுப் பகுதியைத் துரு அரித்தால் வண்டியின் முதுகெலும்பே முறிந்ததாகும். மேல்துணி மட்டுமே கூரையாக உள்ள வண்டி நவம்பர் மழைக்கு ஆகாது. ஈயம் கலந்த எரிநெய்க்கென அமைந்த இயந்திரத்தை இன்றைய ஈயமற்ற எரிநெய்க்கு ஏற்பச் சீரமைக்க வேண்டியும் வரும். டி.சி.யின் 19 அங்குலச் சக்கரத்திற்கேற்ற டயர் சாதாரணக் கடையில் கிடைப்பதன்று. தனியே வரவழைக்க வேண்டும். சக்கரத்திற்குப் பால் தந்த மண்ணில் அச்சக்கரத்திற்கு டயர் கிட்டாதிருப்பது விந்தையே.

போலிகளும் உண்டு. வோக்ஸ்வேகன் வண்டியின் அடிச்சட்டத்தின்மீது கண்ணாடி இழையாலான டி.டி. உருவத்தைப் பொருத்திய வண்டிகள் பல நாடுகளில் விற்கப்பட்டன. அவற்றிற்கு இயந்திரம் பின்புறத்தில் இருக்கும். டி.டி. 2000 என்ற பெயரில், டொயோட்டா இயந்திரம் பொருத்திய மாதிரி வண்டி மலேசியாவிலேயே செய்யப்பட்டதுண்டு. அது மாதிரி என்று அறிந்தே வாங்குவோருக்குக் குறையில்லை. மூலம் என்று நம்பி வாங்குவோரே ஏமாறுவர். மூலத்தை அறிய ஒரு வழி உண்டு. அபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251. அதனையே நினைவாகக் கொண்டு டி.சி., டி.டி. வகைகளின் முதல் வண்டிக்கு 251 என்னும் எண்ணைச் சூட்டி, அடுத்தடுத்த வண்டிகளுக்கு அதிலிருந்தே வரிசையாக எண்ணிட்டனர். வண்டியின் அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா என நோக்குதல் முதற்கடன். சாலைப் போக்குவரத்து இலாகாவில் அப்பதிவைச் சரிபார்க்குமுன் முன்பணம் தருதல் கூடாது. அமெரிக்காவிலிருந்து மீண்டு வந்த டி.டி. ஆயின், அது இடப்பக்க ஸ்டியரிங்கிலிருந்து மாற்றப்பட்டதா, அம்மாற்றம் முறையாகச் செய்யப்பட்டதா என்பதையும் ஆராய வேண்டும்.

அடைவது யாது

இரண்டாவது அடைவு. விரைவு என்று எவரேனும் எண்ணினால் அது பிழை. இன்றைய புரோட்டோன், பெரோடுவா கார்கள் அனைத்தும் 54 குதிரைத் திறனை எளிதில் விஞ்சும். பாதுகாப்பு என்றால் அதுவும் இல்லை; டி.சி. செய்யப்பட்ட காலத்தில் இருக்கைப்பட்டி என்பதே அவ்வண்டிகளில் இல்லை. அடைவது வேறொன்று. மூடியைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் வேலையும் அறிவுக்கு எட்டும். எரிநெய்யும் காற்றும் இரு கார்புரேட்டர்களில் எவ்வாறு கலக்கின்றன, அக்கலவை எவ்வாறு வெடித்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என ஒரு மாணவனுக்கு விரல் தொட்டுக் காட்டலாம். திருகும் சாவியும் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அவ்வண்டி ஓர் ஆசான். அவ்வறிவைப் பெற விழையாது, கொட்டகையில் நிறுத்தி அயலார்க்குக் காட்ட மட்டும் வாங்குவோன், செலவை அடைவானேயன்றிப் பொருளை அடையான்.

வாங்குவதே உறுதியாயின் எதனை வாங்குவது? அழகில் டி.சி. முந்தும், ஆனால் மரக்கூடும் அரிய டயரும் இன்றைய சாலைக்கு ஒவ்வாத ஸ்டியரிங்கும் புதியவருக்குச் சுமை. வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்து, எண்கள் ஒத்திருக்கும் டி.டி. ஓரளவு இணக்கமானது. முதன்முறை பழைய வண்டி வாங்குவோருக்கு எம்.ஜி.பி. இன்னும் ஏற்றது, அதன் உடற்கூடுகள் 1988 முதல் இங்கிலாந்தில் புதிதாகவே வார்க்கப்பட்டன, உதிரிப் பொருள்களும் தட்டின்றிக் கிடைக்கின்றன.

பின் விளையும் பயன் யாது

மூன்றாவது தட்டே மிகவும் கனமானது. மலாக்காவின் பால்மரக் காடுகள் பலவும் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அலோர் காசாவை அடுத்த பெகோவில் 2003 முதல் ஹோண்டா தொழிற்சாலை இயங்குகிறது. சக்கரத்திற்குப் பால் தந்த மாநிலம் இன்று முழுக் காரையே உருவாக்கித் தருகிறது. லயன்கள் இடிந்தன. ஆயாக் கொட்டகைகள் மறைந்தன. பால்வெட்டும் கத்தியையும் மங்கையும் காணாத தலைமுறை பள்ளிக்கு வந்துவிட்டது.

இந்நிலையில் ஓர் உண்மை நெஞ்சை உறுத்தும். அபிங்டனில் செய்யப்பட்ட ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண் இருந்தது. அவ்வெண்ணைக் கொண்டு அது எந்நாளில் உருவானது, எத்துறைமுகம் வழிச் சென்றது, எவர் எவர் கைமாறியது என ஆர்வலர்கள் இன்றும் தேடித் தொகுக்கின்றனர். தோட்டத் தொழிலாளிக்கும் செக்ரோலில் ஓர் எண் இருந்தது. அந்த செக்ரோல் ஏடுகள் எங்கே? எத்தனை தோட்ட அலுவலகங்களில் அவை கரையானுக்கு இரையாயின? இரும்புக்குக் கிட்டிய வரலாறு அவ்விரும்பைத் தாங்கிய சக்கரத்திற்கு உழைத்த மனிதருக்குக் கிட்டவில்லை.

ஆகவே பால்மரம் வெட்டியவரின் பேரன் எம்.ஜி. வாங்குவது குற்றமா எனின், அன்று. அவ்வண்டியின் வரலாற்றில் அவன் பாட்டனுக்கும் பாட்டிக்கும் பங்குண்டு. சாலையைச் சமைத்தவரின் வழித்தோன்றல் அச்சாலையில் தான் விரும்பிய வண்டியை ஓட்டுவதற்கு எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. ஆனால் துரையைப் போல் தோன்றுவதற்காக வாங்குவானாயின், தன் முன்னோரை இரண்டாம் முறை மறந்தவன் ஆவான். அவ்வண்டி அவனிடம் வந்ததனால் முன்னோரின் கதையும் துலங்குமானால், வாங்கிய விலைக்கு மேலான பயனை அடைந்தவன் ஆவான்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறின், ஊழியர் சேமநிதிப் பணத்தையோ பிள்ளைகளின் கல்விப் பணத்தையோ எடுத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குதல் கூடாது. அது லயன் வாசலில் அமர்ந்து பத்து வெள்ளியை எண்ணிய தலைமுறைக்குச் செய்யும் அவமதிப்பு. கடன்பட்டு வாங்குதலும் ஆகாது. கைப்பொருள் மிகுந்து, கைவினை அறிவோ அதனைக் கற்கும் பொறுமையோ உடையோர், எண்களும் பதிவும் ஒத்த வண்டியைத் தேர்ந்து வாங்கலாம். மரமும் துருவும் ஆராயாது, வண்ணத்தைக் கண்டு மயங்கி வாங்குவோர் பின்னர் வருந்துவர்.

வாங்கியோர்க்கு ஒரு கடமையும் உண்டு. வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு மற்றொரு குறிப்பேட்டையும் அவர்கள் வைத்தல் வேண்டும். அதில் தம் பாட்டனாரும் பாட்டியாரும் எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், எவ்வாண்டு முதல் எவ்வாண்டு வரை பால்மரம் வெட்டினர், அவர்தம் செக்ரோல் எண் யாது, நாளுக்கு எத்தனை மரம், எவ்வளவு கூலி என்பவற்றை, அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுதல் வேண்டும். கார் வாங்க இயலாதோரும் செய்யத்தக்க பணி இது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குரிய வீட்டுப் பாடமாகவே தரலாம். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இருப்பின் முப்பது குடும்பங்களின் வரலாறு ஓராண்டிலேயே ஏட்டில் ஏறிவிடும்.